பாடம் ஆறு: பஸ்ஸில்

கந்தோரில் இருந்தவர் என் பெயரை
ரூபவந்தி என்று எழுதினார்.
ருவந்தி, என்றேன்.
ஓமோம், ருவந்தி, என்று சொல்லிக்கொண்டே
‘ப’வின் மேல் மையொற்றுத்தாளை வைத்து அமுக்கினார்.
அந்த ஓர் எழுத்து அதிகமாகத்தான்
சங்கானையில் எனக்குச் சம்பளம் வருகிறது.

பதவி: மொழி உதவியாளர், சிங்களம்.
யாருக்கு உதவி என்று கடிதத்தில் இல்லை.
ஆசிரியர் அறையில் எனக்குக் கிடைத்தது
பிள்ளைப்பேற்று லீவில் போனவரின் கதிரை.
அவருடைய துவாய் முதுகில் இன்னும் தொங்குகிறது.
அதை நகர்த்தாமல் நுனியில் இருக்கிறேன்.

வாடகை அறைக் கிணற்றில்
சவர்க்காரம் நுரைக்காது.
முதல் வாரம் முழுக்கத் தலைமயிர் கயிறாய்க் கிடந்தது.
எம்பிலிப்பிட்டியவிலிருந்து அம்மா கேட்டாள்,
அங்கே எப்படி?
தண்ணீர்தான் கொஞ்சம் கடினம், என்றேன்.
அவள் வேறேதோ விளங்கிக்கொண்டு
போனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டாள்.

பவளராணி ரீச்சருக்கு இலக்கணம் தலைகீழாய்ப் பாடம்.
உச்சரிப்புக்கு மட்டும் என்னை எழுப்புவார்,
றேடியோவைத் திருகுவதுபோல.
நான் சொல்வேன்.
முப்பத்து நான்கு வாய்கள் திருப்பிச் சொல்லும்.
நான் இருப்பேன்.

முதல் நாள் படங்களைத் தூக்கிக் காட்டினேன்.
பாண். சப்பாத்து. போத்தல். அலுமாரி.
எனக்கு முன்னால் அவர்கள் கத்தினார்கள்.
மிஸ், இது தமிழ்!
இல்லை, இது சிங்களம்!
கொப்பி திருத்திக்கொண்டிருந்த ரீச்சர்
தலை நிமிராமல் சொன்னார்:
ரெண்டுமில்லை, போத்துக்கீசன்
கப்பலால இறக்கின சாமான்.
ஆனாலும் மணி அடிக்கும்வரை அலுமாரியை
இரு பக்கமும் பிடித்து இழுத்தோம்.

அந்தத் துணிச்சலில்தான்
ஆறாம் பாடத்தை நானே எடுக்கிறேன் என்றேன்.
புத்தகத்தில் சிவப்பு பஸ்,
பல் தெரியச் சிரிக்கும் கொண்டக்டர்,
ஜன்னலில் ஏனோ ஓர் ஆடு.
கரும்பலகையில் வட்டம் வட்டமாக எழுதினேன்.
நகின்ன: ஏறுங்கள்.
பஹின்ன: இறங்குங்கள்.
எங்கே, சொல்லுங்கோ பாப்பம்.

ஏறினார்கள், எல்லோரும்.
இறங்கும்போது பாதிக் குரல்தான் வந்தது.

இரண்டாம் வாங்கில் அபிசனா,
பென்சில் சீவுவதை நிறுத்தாமல்:
அம்மாவுக்கும் இந்தச் சொல் தெரியும், மிஸ்.
அம்மா சிங்களம் படிக்கேல்லை.

எனக்கு விளங்கக் கொஞ்சம் பிந்தியது.
என் நாக்கில் அது
பன்சலைச் சந்தியில் நிற்கும் பஸ்,
நனைந்த குடை, மடியில் தங்கச்சியின் பை,
கடைசித் தரிப்பிடம்.
அவளுடைய அம்மாவுக்கு
அது எந்த வீதி, எத்தனை மணி வெயில்,
இறங்கிய எல்லோரும் திரும்ப ஏறினார்களா
நான் கேட்கவில்லை.
கேட்பதற்கான தமிழ் அன்றைக்கு என்னிடம் இல்லை.
இன்றைக்கு இருக்கிறதா, அதுவும் தெரியாது.

பவளராணி ரீச்சர் எழுந்தார்.
அழிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.
ஜன்னலைத் திறந்துவிட்டுத்
திரும்பவும் கொப்பிகளுக்குள் போய்விட்டார்.
அழிப்பதா விடுவதா என்பது
என் உதவியில் சேர்ந்துவிட்டது.

அழித்தேன். பாதிதான் போனது.
ஈரத்துணி இல்லாமல் அந்த வளைவுகள் லேசில் போவதில்லை.
மற்றப் பாடத்தின் பின்னக் கணக்குக்கு அடியில்
வெள்ளையாய்த் தெரிந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை பாடம் ஏழு, பழங்கள்.
தோடம்பழத்துக்கும் சண்டை நடந்தது.
முடிந்த பிறகு அபிசனா கொப்பியோடு வந்தாள்.
பஹின்ன என்று அவளுடைய கையெழுத்தில்,
முன்னால் ஒரு சொல் அளவு வெற்றிடம்.
இதில தயவுசெய்து எண்டு போட ஏலுமோ, மிஸ்?

பாடத்தில் இல்லை.
ஏலும், என்றேன்.
கருணாகர, என்று எழுதிக் காட்டினேன்.

எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
இன்னொருதரம் வாசித்தாள்.
பிறகு அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.
இது எங்கட மாமான்ர பேர், மிஸ்!
சுன்னாகத்தில சைக்கிள் கடை.
பழைய சைக்கிள் ஏதும் வேணுமெண்டால்
சொல்லுங்கோ.